நேர்ந்துவிட்ட மரங்கள்

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் பசுங்கூரை அறக்கட்டளையில் முதல் காரியமாகக் கழிப்பறை கழுவப்படும். வருகிறவர்கள் காட்டைப் பார்க்க வருகிறார்களா, கழிப்பறையைப் பார்க்க வருகிறார்களா என்று பெர்சிஸ் ஒருமுறை கேட்டுவிட்டாள். இயக்குநர் சிவனணைந்தபெருமாள் சிரிக்கவில்லை. "ரெண்டையும்தாம்மா பாப்பாங்க. காட்டுல குறை இருந்தா அறிக்கையில எழுதுவாங்க. இதுல குறை இருந்தா எழுத மாட்டாங்க, மனசுல வச்சுக்கிடுவாங்க. அதுதான் ஆபத்து" என்றார். தலை நரைக்கும்வரை தொண்டு நிறுவனம் நடத்தியவர். அவர் பார்க்காத வெள்ளைக்கார மனசு கிடையாது.

அலுவலகம் தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே பெர்சிஸுக்குத் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். வனவியல் படித்தவள். குத்துக்கல்வலசையில் அப்பா அம்மாவோடு இருந்தாள், ஸ்கூட்டரில் வந்து போனாள். முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றிச் திருச்சபையில் உள்ளவர்கள் எல்லோரும் கவலைப்பட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவளுடைய கவலை முழுக்கக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் கிடக்கும் ஒரு பழைய எஸ்டேட் காட்டைப் பற்றியது.

ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு குளிர்ந்த நாடு. தான் விட்ட புகைக்குப் பிராயச்சித்தமாக, வெயில் நாடுகளின் காடுகளைக் காக்க அது பணம் கொடுத்தது. மரம் நின்றால் கரி மரத்துக்குள்ளேயே இருக்கும், வெட்டி எரித்தால் வானத்துக்குப் போகும். அதனால் மரத்தை நிற்க விடுங்கள், நின்ற அளவுக்குப் பணம் தருகிறோம் என்றது. அறக்கட்டளை அந்த எஸ்டேட் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, அடிவாரத்து மயிலம்பொத்தை என்ற சிற்றூரில் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பும் மாதாமாதம் சிலிண்டரும் கொடுத்தது. பதிலுக்கு ஊர்ப் பெண்கள் அந்தக் காட்டில் விறகு வெட்டக் கூடாது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

காட்டில் உள்ள எல்லா மரங்களையும் அளந்துகொண்டிருக்க முடியாது. அங்கங்கே சில கட்டங்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கட்டங்களில் நிற்கும் மரங்களுக்கு மட்டும் மார்பளவு உயரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வளையம் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை சுற்றளவு எடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உடம்பு முழுவதையும் பற்றிச் சொல்கிறார்களே, அந்த மாதிரி. கட்டத்துக்குள் மரம் பருத்தால் காடு பருத்ததாக அர்த்தம். மூன்று வருடமாக மரங்கள் பருத்துக்கொண்டேதான் இருந்தன. எண்கள் அவ்வளவு அழகாக இருந்ததால்தான், அவற்றை நேரில் சரிபார்க்க மார்த்தே என்கிற அம்மாள் இப்போது விமானம் ஏறி வருகிறாள். அழகான எண்ணை யாரும் சும்மா நம்பிவிடுவதில்லை.

பெர்சிஸின் கண்ணில் எண்களைவிடச் சுப்புதான் நின்றாள். மயிலம்பொத்தையில் விறகுக்குப் போகும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த உலகம்மையின் மருமகள் அவள். இழுப்பு நோய்க்காரி. திட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில், ஈர விறகின் புகை ஏறி மூச்சடைத்து, உதடு நீலம் பாய்ந்து கிடந்தவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோனதே பெர்சிஸ்தான். இனிமேல் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். கேஸ் வந்த பிறகு ஒருமுறைகூட அவளுக்கு அப்படி ஆகவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு ஆண் பிள்ளையும் பெற்றுக்கொண்டாள். நீ செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால் பெர்சிஸ் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் மனதுக்குள் சுப்புவைத்தான் காட்டுவாள்.

மார்த்தே வருவதற்கு முந்தின வாரம், மங்கிப்போன வளையங்களுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. எப்போதும் ஜீப்பில் எஸ்டேட் ரோடு வழியாக மேலே போய், கட்டத்தில் இறங்கி, அளந்துவிட்டு, போன வழியே திரும்பிவிடுவார்கள். இந்தத் தடவை ஜீப் மக்கர் பண்ணியது. பெர்சிஸ் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு உலகம்மையோடு ஊரிலிருந்தே ஒற்றையடிப் பாதையில் ஏறினாள்.

பாதி தூரத்தில் அவள் நின்று சுற்றிலும் பார்த்தாள். பாதைக்கு இரண்டு பக்கமும் வெட்டிய அடிமரங்கள். சிலது பழையவை, பல மரங்களில் வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. நின்ற மரங்களும் கிளையெல்லாம் கழிக்கப்பட்டு மொட்டையாக நின்றன. தலைக்கு மேலே வெயில் தங்குதடையில்லாமல் இறங்கியது. அப்புறம் ஒரு திருப்பத்தில் திடீரென்று நிழல், குளிர்ச்சி, காலடியில் மெத்தென்று சருகு. கட்டம் வந்துவிட்டது. அங்கே ஒரு கொம்புகூட ஒடியாமல் மரங்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் வளையத்துக்கு மேல் அரைத்த மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பெரிய மரம் ஒன்றில் சின்ன மணிகூடத் தொங்கியது.

"அக்கா, இதெல்லாம் யாரு செஞ்சது?"

"நாங்கதான். ஆடிக்கு ஆடி மஞ்ச தேச்சு விடுதோம். ஒங்க மரம்லா" என்றாள் உலகம்மை. முகத்தில் பெருமை.

இப்போது ஆவணி, மஞ்சள் புதிதாக இருந்தது. சித்திரையில் அளக்க வரும்போது போன ஆடி மஞ்சள் மழையில் கரைந்திருக்கும். கயிற்றைப் பெர்சிஸ் பார்த்திருக்கிறாள், யாரோ கட்டியது என்று விட்டிருக்கிறாள்.

"கீழ வெட்டிக் கெடக்கே, அது?"

"அதுவும் நாங்கதான்." அந்தக் குரலில் துளி கூச்சம் இல்லை. "எங்க அடுப்புக்கு இப்ப எதுக்கு வெறகு? கேஸுல்லா இருக்கு. இது குத்தாலத்துக் கடைக்குப் போடுதது. சீசன் வந்துட்டா பரோட்டாக் கடைக்காரன் எல்லாம் வெறகு வெறகுன்னு பறக்கானே. அந்த மூணு மாசத்துத் துட்டுதான எங்களுக்கு வருசச் சாப்பாடு."

பெர்சிஸ் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தாள். "காட்டுல வெட்டக் கூடாதுன்னுதான கேஸ் குடுத்தோம்?"

"ஒங்க மரத்துல ஒரு சுள்ளி ஒடிச்சிருப்பமா? நீயே பாரு." உலகம்மைக்கு லேசாகக் கோபம் வந்தது. "நம்ம பேச்சிராஜ் பம்பாயில இருந்துக்கிட்டு சாஸ்தாவுக்குக் கிடா நேந்து விட்டுருக்கான். அவன் அங்கன இருந்து வளக்க முடியுமா? எங்க வீட்டுல விட்டுட்டு, வளக்கதுக்குத் துட்டு அனுப்புதான். கழுத்துல மஞ்சத் துணி கெட்டிருக்கும். அத ஒரு பய தொட மாட்டான். வயல்ல எறங்கி மேஞ்சாலும் கல்லக் கொண்டு எறிய மாட்டாவ. அதுக்காவ ஊர்ல உள்ள கிடாயெல்லாம் அவனுதாயிருமா? வரப்போற வெள்ளக்காரம்மா நாட்டுல வெயிலு கூடிப்போச்சு, ஐஸு உருகுதுன்னு நீதான சொன்ன. அதுக்கு நேந்துதான் இந்த மரத்துல மஞ்ச வளையம் போட்டு விட்டுருக்காவ. நாங்க பாத்துக்கிடுதோம். அதுக்குக் கேஸு தாறாவ."

முதல் கூட்டம் பெர்சிஸுக்கு ஞாபகம் வந்தது. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். பல்லுயிர்ப் பெருக்கம், பருவநிலை மாற்றம், சமூகப் பங்கேற்பு. பெண்கள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். ஒரு சொல் ஏறவில்லை. மறுநாள் மரத்துக்கு மஞ்சள் வளையம் போட்டபோது அத்தனையும் விளங்கிவிட்டது அவர்களுக்கு. வெட்டாதே என்றால் எதை வெட்டாதே என்று கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

"அக்கா, வளையம் போட்டது மட்டும் இல்ல. மொத்தக் காடும்தான். ஒரு மரமும் வெட்டக் கூடாது. வளையம் சும்மா அடையாளத்துக்கு, அளந்து பாக்கதுக்கு."

உலகம்மை ஒரு வேரில் உட்கார்ந்தாள். "மொத்தக் காடுமா? எல்லாக் கிடாயையும் நேந்துவிட்டா ஊர்ல மனுசன் எதத் திங்கது?"

 அதற்குத் திட்ட அறிக்கையில் மாற்று வாழ்வாதாரம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. அது இன்னும் அத்தியாயமாகத்தான் இருந்தது.

உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "அப்ப மூணு வருசமா நாங்க வாக்குத் தப்பித்தான் அந்தக் கேஸ வாங்கி ஒல வச்சிருக்கோமா?"

"ஒங்க தப்பு இல்லக்கா."

"தப்பு யாருதோ. பொங்கித் தின்னது நாங்கதான" என்றாள் உலகம்மை. எழுந்து முன்னால் இறங்கத் தொடங்கினாள்.

பெர்சிஸ் அன்றைக்கே இயக்குநரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"கட்டத்துல மரம் இருக்கா?"

"இருக்கு சார்."

"நாம அளந்ததுல பொய் உண்டா?"

"இல்ல சார். ஆனா கட்டம் காட்டப் பத்திச் சொல்லணும். இது கட்டத்தப் பத்தி மட்டும்தான் சொல்லுது. சுத்தி மொட்டையாக் கெடக்கு."

"அந்தம்மாவ மேல ரோடு வழியாக் கூட்டிட்டுப் போவோம். முடிஞ்சுது." டம்ளரை வைத்தார். "நீ உண்மையச் சொல்லணும்னா சொல்லு, நான் தடுக்கல. திட்டம் நிக்கும். எனக்கு வேற திட்டம் கெடைக்கும். ஒனக்கும் வேற வேல கெடைக்கும். அந்தச் சுப்புப் புள்ளைய மட்டும் வர்ற ஐப்பசியில மறுபடி ஆட்டோல போட்டுத் தூக்கிட்டு ஓடு. என்னக் கூப்புடாத."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்த மனுசன். பெர்சிஸுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி, அவர் சொன்னது சரி என்பதால் வந்தது.

மார்த்தே வந்தாள். அறுபது வயதிருக்கும், ஒட்டகச்சிவிங்கி உயரம், வெயிலில் மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. மேல் ரோடு வழியாகக் கட்டங்களைப் பார்த்தாள், தானே நாடாவைப் பிடித்து அளந்தாள். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்து அசந்துபோனாள். ஆனால் ஏமாளி இல்லை. ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இயக்குநர் வெயில் அதிகம் என்றார், பாதை சரியில்லை என்றார். மார்த்தே தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மயிலம்பொத்தைப் பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம் விரித்திருந்தது. மார்த்தே நாற்காலி வேண்டாம் என்று கஷ்டப்பட்டுக் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். பெர்சிஸ் நடுவில், மொழிபெயர்க்க. இயக்குநர் பக்கவாட்டில், கையில் தண்ணீர் பாட்டிலோடு. எதிரே பெண்கள். சுவரோரம் சுப்பு, மடியில் பிள்ளை தூங்கியது.

"காடு எப்படி இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே கேட்க ஆசைப்படுகிறேன். நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் சொல்லலாம்" என்றாள் மார்த்தே. பெர்சிஸ் அதை அப்படியே தமிழில் சொன்னாள். அன்றைக்கு அவள் அப்படியே சொன்ன கடைசி வாக்கியம் அது.

உலகம்மை எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பெர்சி, நான் சொல்லுதத அப்பிடியே அவியட்ட சொல்லு, என்ன?" என்றாள். பிறகு மார்த்தேயின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். "அம்மா, நாங்க தப்பு பண்ணிட்டோம். வளையம் போட்ட மரம் மட்டுந்தான் ஒங்க மரம்னு நெனச்சோம். அத எங்க கண்ணு மாதிரி பாத்துக்கிட்டோம். ஆனா சுத்தி உள்ள மரத்த எல்லாம் வெட்டி வித்துட்டோம். மொத்தக் காடும்னு எங்களுக்கு ஏறல. ஏறாம ஒங்க கேஸுல பொங்கித் தின்னுட்டோம். ஏமாத்தணும்னு செய்யல. சாஸ்தா சத்தியமா செய்யல. ஒங்களுக்குக் கோவம் இருந்தா ஏசுங்க, கேட்டுக்கிடுதோம். இத மறச்சு வச்சுக்கிட்டு இனி ஒரு நேரங்கூட எனக்குச் சோறு எறங்காது. அதான்."

 மார்த்தே பெர்சிஸ் பக்கம் திரும்பினாள்.

பெர்சிஸ் சுப்புவைப் பார்த்தாள். பிள்ளையின் தலைக்குமேல் அவள் மூச்சு சத்தமில்லாமல், சீராக ஏறி இறங்கியது. அந்த மூச்சை எண்ணிக்கொண்டு ஆட்டோவில் போன நாள் பெர்சிஸின் கைகளில் இன்னும் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது சத்தியம். ஆனால் வெளியே வந்தது வேறு.

"இந்த மரங்களைத் தங்கள் சாமியின் மரங்களாக நினைப்பதாகச் சொல்கிறார். மூன்று வருடமாக ஒரு சுள்ளிகூட ஒடிக்கவில்லையாம். தங்கள் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார்களாம். உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

இயக்குநர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்.

மார்த்தேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உலகம்மையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்னென்னவோ சொன்னாள். எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு மனசை எங்கேயும் பார்த்ததில்லை என்றாள்.

உலகம்மை கைகளை விடுவித்துக்கொள்ளாமலே பெர்சிஸைத் திரும்பிப் பார்த்தாள்.  "என்னட்டி சொல்லுதாவ? கோவமா?"

"இல்லக்கா" என்றாள் பெர்சிஸ். அந்தக் கைகளையும் அந்தக் கண்ணீரையும் வேறு எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மன்னிச்சிட்டாங்க."

உலகம்மை விம்மி அழுதுவிட்டாள். பின்னால் இருந்த பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். மன்னிப்பு கேட்டவளின் கையை இப்படி நெஞ்சோடு வைத்து அழுகிற ஒரு மனுசியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. மன்னிப்பைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் பெர்சிஸ். அதை ஒருத்தி பெயரைச் சொல்லி இன்னொருத்திக்கு அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். உண்மையைக் கேட்டிருந்தால் மார்த்தே நிஜமாகவே மன்னித்திருப்பாளோ என்னவோ, அது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

திரும்பும்போது ஜீப்பில் முன்சீட்டில் மார்த்தே. பின்னால் இயக்குநர் பெர்சிஸின் காதோரம் குனிந்து, "நல்லா சமாளிச்சம்மா" என்றார். பெர்சிஸ் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கினாள். வளைந்த ரோட்டில் ஜீப் ஓடினாலே அவளுக்கு அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

மார்த்தேயின் அறிக்கை வந்தது. இயக்குநர் அதைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி. பணம் தொடர்ந்தது, கேஸ் தொடர்ந்தது. கூடவே உலகம்மையிடமிருந்து போன் வந்தது.

"பெர்சி, நேத்து சாஸ்தா கோயில்ல எல்லாரும் கூடிச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டோம். இனி அந்தக் காட்டுல ஒரு மரத்தையும் தொட மாட்டோம். மன்னிச்ச மனுசிக்கு நாங்க அதுகூடச் செய்யலன்னா எப்பிடி?"

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்யும் சத்தியம். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.  முதலில் பெர்சிஸுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். சொன்ன பொய் தானாக உண்மையாகிவிட்டது. இனி காடு நிஜமாகவே வளரும். பொய்க்குக்கூட ஆண்டவர் இப்படிக் கூலி கொடுப்பாரா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு நடுவில் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த ஆனியில் சாரல் விழுந்தது. அருவிகளில் தண்ணீர் கொட்டியது, ரோடெல்லாம் வேனும் காரும் அருவிக் குளியலுக்கு எண்ணெய் தேய்த்த தலைகளும். பரோட்டாக் கடைகளில் அடுப்பு அணையவே இல்லை. விறகு லாரி லாரியாக வேறு எங்கிருந்தோ வந்து இறங்கியது. எந்த ஊர்க் காடோ, அதில் வளையம் போட யாரும் போகவில்லை. பெர்சிஸ் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் காலையில் மயிலம்பொத்தைக்குப் போனாள். ஊர் முக்கில் சில பெண்கள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். அவர்களோடு சுப்புவும், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. கன்னத்தில் வைத்திருந்த சதையைக் காணோம்.

"எங்கன கெளம்பிட்ட சுப்பு?"

"சூளைக்குக்கா. வீரகேரளம்புதூர் பக்கம், செங்கல் சொமக்க. இப்ப லோடு வண்டி வரும்."

"சூளைக்கா? அங்க பூராவும் புகைல்லா!"

"இங்கன மாதிரி அங்கன சாரல் கெடையாதுக்கா. வெறும் காத்துதான். புகை கொஞ்சம் பறந்துரும்" என்றாள் சுப்பு, பெர்சிஸைச் சமாதானப்படுத்துகிறவள் மாதிரி. "சீசன் துட்டு இந்த வருசம் கெடையாதுல்லா. அவரு கேரளாவுல, மழைக்கு அங்கன கட்டட வேல இல்ல. அத்தைக்கு முட்டி தாங்கல. வேற யாரு போவா?" இடுப்பில் செருகியிருந்த மூச்சு மருந்தை எடுத்துக் காட்டினாள். "இதான் இருக்கே. முன்ன எப்பமாச்சும் அடிப்பேன். இப்ப காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

பெர்சிஸ் உலகம்மையின் வீட்டுக்குள் போனாள். நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. உலகம்மை காலை நீட்டி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேரப்பிள்ளை.

"வாட்டி பெர்சி. டீ போடட்டா?"

"அக்கா, அந்தம்மா மன்னிக்கல." நின்றபடியே சொன்னாள். "நீங்க சொன்னத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."

உலகம்மையின் கை முட்டியிலேயே நின்றது. "பெறவு எதுக்கு எங் கையப் புடிச்சு அழுதாவ?"

"மூணு வருசமா ஒரு சுள்ளிகூட ஒடிக்கலன்னு நீங்க சொன்னதாச் சொன்னேன். அதுக்கு."

"அப்பிடியா" என்றாள் உலகம்மை. பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். "அப்ப இன்னவரைக்கும் நான் ஏமாத்துக்காரிதான். அது அவியளுக்குத் தெரியாது. அம்புட்டுத்தான."

"உண்மையச் சொன்னா கேஸ் நின்னுரும்னு பயந்துட்டேன். சுப்புக்காகத்தான் அக்கா சொன்னேன்."

"சுப்புக்காவ." உலகம்மை வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே முக்கில் நிற்பவளின் இருமல் இங்கே கேட்டது.  

பெர்சிஸ் தரையில் உட்கார்ந்து உலகம்மையின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தியத்த விட்ருங்கக்கா. பொய்யக் கேட்டுப் பண்ணின சத்தியம் அது. நாளைக்கே காட்டுக்குப் போங்க. போயி வெட்டுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவள், மரத்தை வெட்டு வெட்டு என்று கெஞ்சினாள்.

"நீ சொன்னது பொய்யி. நாங்க ஏத்துன சூடமும் பொய்யாட்டி?" உலகம்மை காலை இழுத்துக்கொண்டாள். "அவியளுக்காவத்தான் பண்ணுனோம், ஆனா சாமி முன்னாலல்லா பண்ணுனோம். அணைச்ச சூடத்த நீ வந்து திருப்பிப் பத்த வச்சுருவியா?"

"அப்ப நான் அந்தம்மாகிட்டயே உண்மையச் சொல்லிருதேன்."

"சொல்லு. கேஸும் போவும். காட்டுல கை வைக்க முடியாது, வெறகு வெலைக்கு வாங்கணும். பகல்ல சூளைப் புகை, ராத்திரி அடுப்புப் புகை. ஒரு வருசம் தாங்குவாளா அவ?" உலகம்மை கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நான் ஒங்கிட்ட கேஸு கேக்கல, எம் மருமவளக் காப்பாத்துன்னும் கேக்கல. நான் சொல்லுதத அப்பிடியே சொல்லுன்னுதான் கேட்டேன். அவிய வஞ்சிருந்தா வஞ்சிட்டுப் போறாவ. அது எனக்கு வரவேண்டிய ஏச்சு. அத வாங்கியிருந்தா கேஸு போனாலும் வெட்டிப் பொழைக்கக் காடு இருந்திருக்கும், சுப்பு வீட்டுல இருந்திருப்பா. இப்ப ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டியே."

பெர்சிஸ் அழுதாள். உலகம்மை அவளைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடித் தள்ளி வைத்தாள்.

"இனிமே எங்களுக்காவ நீ யார்ட்டயும் ஒண்ணும் பேசாத" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முட்டியைத் தாங்கித் தாங்கி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெர்சிஸ் வெளியே வந்தபோது லோடு வண்டி வந்துவிட்டிருந்தது. பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுப்பு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டினாள். பெர்சிஸைப் பார்த்ததும் துண்டைக் கொஞ்சம் இறக்கிச் சிரித்தாள்.

"வாறேங்க்கா. அந்த வெள்ளக்காரம்மாட்ட பேசுனா, நாங்க எல்லாரும் கேட்டோம்னு சொல்லுங்க."

பெர்சிஸ் சரி என்று தலையை ஆட்டினாள்.